கப்பலை எதிர்த்து நின்ற ஸ்டாம்ப்: உக்ரைனில் தபால் தலைக்கு ஏன் அவ்வளவு பெரிய கியூ?

கடற்கரையில் ஒரு ராணுவ வீரர், நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். எதிரே கடலில் ரஷ்யப் போர்க்கப்பல். அதைப் பார்த்து அவர் நடுவிரலைக் காட்டுகிறார். மீம் இல்லைங்க, அரசு ஸ்டாம்ப்! உக்ரைன் தபால் நிறுவனம் 'உக்ர்போஷ்டா' 2022 ஏப்ரல் 12-ல் இதை வெளியிட்டபோது, போர் தொடங்கி ஏழு வாரம்கூட ஆகவில்லை.

என்ன நடந்தது?

2022 பிப்ரவரி 24, போரின் முதல் நாள். கருங்கடலில் உள்ள குட்டி இடம் பாம்புத் தீவு. அங்கிருந்த உக்ரைன் காவலர்களைச் சரணடையச் சொன்னது 'மாஸ்க்வா' போர்க்கப்பல். ரேடியோவில் வந்த பதில், டிவியில் 'பீப்' போட வேண்டிய வசைச்சொல். அந்த ஆடியோ உலகம் முழுக்கப் பரவியது. போட்டி வைத்து, மக்கள் வாக்களித்து, ஓவியர் போரிஸ் குரோவின் படம் தேர்வானது.

போரைப் பற்றிய ஸ்டாம்ப் புதிதா?

இல்லை. லெனின்கிராடு, ஸ்டாலின்கிராடு, ஒடெசா, செவஸ்தபோல் நகரங்களின் எதிர்ப்புப் போருக்கு சோவியத் அரசே 1944-ல், போர் முடியும் முன்பே ஸ்டாம்ப் போட்டது. ஒரு காலத்தில் ஒரே நாட்டின் வீரக் கதையில் இருந்த ஒடெசா, இப்போது ரஷ்யத் தாக்குதலுக்கு ஆளாகும் உக்ரைன் நகரம்.

உக்ரைன் ஸ்டாம்ப் வந்து இரண்டே நாளில், ஏப்ரல் 14-ல், மாஸ்க்வா மூழ்கியது. தங்கள் நெப்டியூன் ஏவுகணை என்றது உக்ரைன். தீ விபத்து என்றது ரஷ்யா. அவ்வளவுதான், கீவ் தலைமைத் தபால் நிலையத்தில் நீண்ட வரிசை! 10 லட்சம் பிரதிகள் போதவில்லை. மே மாதம் அடுத்த பதிப்பு 50 லட்சம்.

வாட்ஸ்ஆப் காலத்தில் ஸ்டாம்ப் எதற்கு?

அரசின் முத்திரை இருப்பதால்தான். யாரோ போட்ட போஸ்டை அழித்துவிடலாம். ஒரு நாடு அச்சடித்ததை அப்படி ஒதுக்க முடியாது. வெளிநாட்டுக் கடிதத்தில் ஒட்டினால், மற்ற நாட்டு தபால்காரரே அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். இதைவிட மலிவான பிரசாரம் ஏது?

ஆனால் ஸ்டாம்பில் முழுக் கதையும் இல்லை. காவலர்கள் எல்லோரும் இறந்துவிட்டதாகத்தான் அதிபர் ஜெலன்ஸ்கி முதலில் அறிவித்தார். அவர்கள் உயிரோடு பிடிபட்டது சில நாள் கழித்தே தெரிந்தது. படத்தில் நிமிர்ந்து நிற்கிறார் வீரர். நிஜத்தில் அவர்கள் கைதிகள். 2022 ஜூன் 30-ல் ரஷ்யா தீவைவிட்டு வெளியேறியது. கைதிகள் பரிமாற்றத்தில் சிலர் சீக்கிரமே வீடு திரும்பினார்கள். மற்ற சிலரின் குடும்பங்கள், அந்த ஸ்டாம்ப் விற்றுத் தீர்ந்த பிறகும் நீண்ட காலம் காத்திருந்தன.