பறக்கும் தவளை

தவளை என்றதும் நமக்குக் கிணறும், ஐப்பசி மழையில் நிரம்பிய வயலுமே நினைவுக்கு வருகின்றன. மர உச்சியிலிருந்து பறந்து இறங்கும் தவளை உண்டென்றால் யாரோ கதை கட்டுகிறார்கள் என்றே எண்ணுவோம். போர்னியோத் தீவின் காடுகளில் அது கதையன்று.

1855-ல் வாலஸ் என்ற ஆங்கிலேயர், சராவக் ராஜ்யத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தருகே தங்கி வண்டுகள் சேகரித்து வந்தார். சீனத் தொழிலாளி ஒருவர் பெரிய தவளையொன்றைக் கொணர்ந்து, இது உயர்ந்த மரத்திலிருந்து சாய்வாகப் பறப்பதுபோல் இறங்கிற்று என்றார். வாலஸ் அளந்து பார்த்தார். உடல் 4 அங்குலம். பாதங்களின் சவ்வுகளை விரித்தாலோ சுமார் 12 சதுர அங்குலம்! மேனி பளபளக்கும் கரும்பச்சை. சவ்வு கறுப்பு, அதில் மஞ்சள் ரேகைகள். 1869-ல் அவருடைய நூலில் இதன் சித்திரம் வெளியாயிற்று. இன்று உலகம் அதை 'வாலஸ் தவளை' என்கிறது. கையில் பிடித்துக் கொடுத்த சீனரின் பெயர் நூலில் இல்லை. துரைமார் பெயரைச் சுமக்கும் நம் நாட்டுச் செடிகொடிகளைப் பற்றியும் இதையே சொல்லலாம், போகட்டும்.

உண்மையில் அது சிறகடிப்பதில்லை. விரித்த பாதங்களைக் குடைபோல் காற்றில் ஊன்றி, 50 அடி வரை சறுக்கி இறங்குகிறது. முட்டையிடவே தரைப்பக்கம் வருகிறது. பெண் தவளை தன் உடலில் சுரக்கும் நீரைப் பின்னங்கால்களால் மோர் கடைவதுபோல் அடித்து நுரையாக்கி, குட்டைக்கு மேலுள்ள இலையில் ஒட்டி, அதற்குள் முட்டையிடுகிறது. குஞ்சுகள் நுரை கரைந்து நேரே ஜலத்தில் விழுகின்றன.

அந்தக் குட்டையை வெட்டுவது யார்? காட்டுப்பன்றியும் காண்டாமிருகமும் புரண்டு புரண்டு உண்டாக்கிய சேற்றுக்குழிகளே அவை. மலேசிய மண்ணின் கடைசிக் காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபா மாநிலத்தில் இறந்தது. இனிப் பன்றிகள்தாம் கதி. மரங்களோ எண்ணெய்ப் பனைத் தோட்டங்களுக்காக லக்ஷக்கணக்கான ஏக்கர்களில் வீழ்த்தப்பட்டன. வரிசையாக நட்ட பனையில் உச்சிக்கிளையும் இல்லை. அடியில் குட்டையும் இல்லை.

இதன் உறவினம் நம் ஆனைமலையிலும் வாழ்கிறது; அங்குள்ள ஒரு வகைக்கு 2000-ல்தான் பெயரிட்டார்கள். மழைக்காலத்தில் அப்பக்கம் செல்லும் நேயர்கள், குட்டைக்கு மேலே இலையில் வெண்ணுரை தொங்கக் கண்டால், குழந்தைகள் குச்சியால் கலைக்காமல் பார்த்துக்கொள்வார்களாக.