போதாதது நினைவகமா, சிக்கனமா?

‘நினைவகம் போதாது, தூக்கி எறியுங்கள்’ என்பது இன்று எவரும் எதிர்த்துக் கேளாத தீர்ப்பாகிவிட்டது. எங்கள் தமிழ்த்துறையின் நான்கு கணினிகளுக்கும் இத்தீர்ப்பே கிடைத்தது. ஒவ்வொன்றிலும் இருப்பது 2 கிகாபைட் நினைவகம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 கிகாபைட் வேண்டும். ஆகவே இவை குப்பை என்றார் பார்க்க வந்தவர். குப்பை எது என்பதில்தான் நாங்கள் அவரோடு மாறுபடுகிறோம்.

இலக்கியம் படிப்போர் அறிந்திருக்க வேண்டிய ஒரு வரலாறு உண்டு. 1971-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தை பி.டி.பி.-11 என்னும் பொறியில் ஓட்டினர். அதன் மொத்த நினைவகம் 24 கிலோபைட். அதில் 16 இயங்குதளத்துக்கு, எஞ்சிய 8 பயனர் நிரல்களுக்கு. அப்பொறி செய்த முதல் உருப்படியான வேலை என்ன தெரியுமா? எழுத்து வேலை! ஆய்வகத்தின் காப்புரிமைத் துறையைச் சேர்ந்த தட்டச்சர்கள் மூவர் நாள் முழுதும் அதில் விண்ணப்பங்களைத் தட்டச்சிட்டனர், திருத்தினர், பக்க அமைப்புச் செய்தனர். இன்றைய யுனிகோட் தமிழில் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட் என்று கொண்டால், அந்த 24 கிலோபைட் முழுதிலும் அடங்குபவை 8,192 குறியீடுகளே. நீண்ட சிறுகதை ஒன்றுகூட அதற்குள் அடங்காது. அவ்விடத்தில் ஓர் இயங்குதளமே குடியிருந்தது.

பின்னர் நடந்தது என்ன? 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி கேட்ட குறைந்த அளவு 64 மெகாபைட். 2021-இல் வந்த விண்டோஸ் 11 கேட்பது அதன் 64 மடங்கு. கட்டுரை எழுதும் மாணவரின் தேவை 64 மடங்கு பெருகிற்றா? ஏழு சீரில் ஓர் அறத்தைச் சொல்லி முடித்த மொழியைக் கற்பிக்கும் நமக்கு, இடம் மலிந்தால் சொல் பெருகும் என்பது புதிய செய்தியன்று. நினைவகம் மலிந்ததும் நிரல் எழுதுவோரின் சிக்கனம் கழன்றது. அதற்கான விலையை, வாங்க வசதியற்றவர் கொடுக்கிறார்.

பாதுகாப்பு கருதியே நினைவகம் பெருகியது என்பர் சிலர். அதில் உண்மை உண்டு. அந்தப் பழைய பி.டி.பி.-11-இல் ஒரு நிரல் மற்றொன்றின் இடத்தில் கைவைப்பதைத் தடுக்க வழியில்லை. ஒருவர் செய்த பிழை அனைவரையும் வீழ்த்தியது. ஆதரவு முடிந்த இயங்குதளத்தோடு இணையத்தில் உலவுவதும் அறிவுடைமையன்று. ஆனால் இவ்வாதம் பழைய இயங்குதளத்தை எறியச் சொல்கிறதேயன்றிப் பொறியை எறியச் சொல்லவில்லை.

நாங்கள் அதைத்தான் செய்தோம். டெபியனை அடித்தளமாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸை நிறுவினோம். அதை உருவாக்கியோர் பரிந்துரைக்கும் குறைந்த நினைவகம் 512 மெகாபைட்தான். கனத்த மேசைச் சூழலுக்கு மாற்றாக, சாளரங்களை மட்டும் கையாளும் சிறு நிரலோடு அது நின்றுவிடுகிறது. உடனடித் தேவையற்ற பக்கங்களைச் சுருக்கி நினைவகத்துக்குள்ளேயே வைக்கும் இசட்ரேம் வசதியையும் சேர்த்தோம். இப்போது நான்கிலும் தமிழ் தட்டச்சாகிறது, ஆய்வேடுகள் உருவாகின்றன.

உலாவியில் பத்துப் பக்கங்களை ஒருசேரத் திறந்தால் பொறி திணறுகிறது என்பதை மறைக்கவில்லை. அக்குற்றம் ஒரு செய்தியைக் காட்ட ஓராயிரம் ஒட்டுண்ணிகளை உடன் அனுப்பும் இணையப் பக்கங்களுடையது.

முதுகலை மாணவியர் சிலருக்குக் கணினி என்றால் இந்த நான்கு மட்டுமே, வீட்டில் வேறில்லை. இவற்றைக் குப்பை என்று சொல்பவர், அம்மாணவியரின் ஆய்வேட்டை எதில் எழுதுவது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.