73 சதவீதம்... எதோடு ஒப்பிட்டு?

"73% பேருக்குப் பலன்" என்று பேப்பரில் வந்தால் படிப்பவர் என்ன நினைப்பார்? நூற்றில் 73 பேர் பிழைத்துவிட்டார்கள் என்றுதான். அப்படி எழுதியவர்களைத்தான் திட்ட வேண்டும், படித்தவரை அல்ல.

விஷயம் நெக்ஸ்கார்19. ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய ரத்தப் புற்றுநோய் சிகிச்சை. நோயாளியின் டி-செல்களை எடுத்து, மரபணுவை மாற்றி, திரும்ப உடம்பில் ஏற்றுவார்கள். 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. ஆய்வு முடிவு 2025-ல் லான்செட் ஹெமட்டாலஜியில் வந்தது. வெளிநாட்டில் கோடிகளில் ஆவது இங்கே சுமார் 40 லட்சம். சாதனைதான், மறுக்கவில்லை.

ஆனால் அந்த 73? ஆய்வில் 64 பேர். பலனை அளவிட முடிந்தது 51 பேரிடம். அதில் 37 பேருக்கு நோய் குறைந்தது அல்லது மறைந்தது. அதுதான் 73%. 64-ஆல் வகுத்தால் 58. குறைந்தது என்றால் குணமானது என்று அர்த்தமில்லை. தவிர, இந்த சிகிச்சை இல்லாத ஒப்பீட்டுக் குழுவே ஆய்வில் கிடையாது.

2003-ல் ஒரு மியூச்சுவல் ஃபண்ட் 60% லாபம் தந்தது என்றால் பி.காம். முதல் வருஷப் பையன்கூடக் கைதட்ட மாட்டான். அந்த வருஷம் சென்செக்ஸே சுமார் 73% ஏறியது (எண் ஒத்துப்போனது தற்செயல்!). பணத்துக்குக் கேட்கிற கேள்வியை உயிருக்கு ஏன் கேட்பதில்லை?

"சாகக் கிடப்பவரை ஒப்பீட்டுக் குழுவில் போடுவது பாவமில்லையா?" என்பார்கள். நியாயமான கேள்வி. இந்தப் புற்றுநோய் தானாகக் குறைவது அபூர்வம் என்பதால், மருந்து வேலை செய்கிறது என்று சொல்ல 37 பேர் போதும். ஆயுள் எவ்வளவு கூடியது என்று சொல்லத்தான் போதாது. செல்கள் தயாராகச் சில வாரம் ஆகும். அதுவரை தாக்குப்பிடிப்பவருக்குத்தான் சிகிச்சையே. கொஞ்சம் தெம்பானவர்கள் முன்கூட்டியே வடிகட்டப்படுகிறார்கள். கருங்குழியில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் இருக்கும் ஒரே மனையை விற்க யோசிக்கும் குடும்பத்துக்குத் தெரிய வேண்டியது இதுதான். 73 அல்ல.

இந்த வடிகட்டல் அமெரிக்காவையே ஏமாற்றியது. 1990-களில் மார்பகப் புற்றுநோய்க்கு அதிக அளவு கீமோ கொடுத்து, எலும்பு மஜ்ஜை மாற்றுவார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வுகளில் முடிவு பிரமாதம். செலவை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்க வேண்டும் என்று கோர்ட்டுக்கே போனார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் அந்த வேதனையை அனுபவித்தார்கள். 1999-ல் ஒப்பீட்டுக் குழு வைத்த ஆய்வுகள் வந்தன. ஆயுள் கூடவில்லை. தென்னாப்பிரிக்க ஆய்வு ஒன்று மட்டும் நல்ல பலன் என்றது. அது மோசடி என்று 2000-ல் தெரிந்தது.