ஒருநாள் சிரமதானத்தால் சதுப்பு மீளாது

கைவிட்ட வயலைச் சும்மா விட்டால் அது தானாகவே சதுப்பு நிலமாகிவிடும் எண்டு எங்களில் நிறையப் பேர் நினைக்கிறம். தண்ணி திரும்பி வரும், உண்மைதான். ஆனால் கூடவே ஒரு செடி வந்து முழு இடத்தையும் பிடிச்சிடும்.

கொழும்பைப் பாருங்கள். 2018இல் ராம்சார் அமைப்பு முதன்முதலில் அங்கீகரித்த 18 ஈரநில நகரங்களில் இதுவும் ஒன்று. இங்குள்ள சதுப்புகள் பல ஒரு காலத்தில் நெல்வயல்கள். விதைப்பு நின்ற பிறகு அங்கே ஒரு மரம் கூட்டமாக ஏறிவிட்டது. சிங்களத்தில் அதை வெல் ஆத்தா என்பார்கள். எங்கட அன்னமுன்னாவின் சொந்தம். அமெரிக்க வெப்பவலயத்திலிருந்து வந்தது. பழமும் விதையும் தண்ணியில் மிதந்து பரவும். நெருக்கமாக வளர்ந்து வெளிச்சத்தை மறைப்பதால், கீழே புல்லும் கோரையும் எழும்பாது.

வயலாக இருந்ததே இப்படியான செடிகளுக்கு வசதி. போட்ட உரம் மண்ணில் தங்கியிருக்கும். உழுது உழுது பழைய சதுப்புச் செடிகளின் விதை குறைஞ்சிருக்கும். வரம்பு கட்டிச் சமப்படுத்தின நிலத்தில் எங்கும் ஒரே ஆழம்.

இதுக்கு நாங்கள் வழக்கமாகச் செய்வது ஒருநாள் சிரமதானம். கத்தி, கையுறை, தேத்தண்ணி, பணிஸ், குரூப் போட்டோ. வெட்டின அடிக்கட்டை திரும்பத் தளிர்க்கும். களைகொல்லி அடிப்பம் எண்டால், அந்தத் தண்ணியில் மீனும் தவளையும் இருக்கு. ஒரேயடியாக வெட்டித் தள்ளினாலும் பிழைதான்: இந்தச் சதுப்புகளில் வாழும் மீன்பிடிப் பூனைக்கு ஒதுங்கப் பற்றை வேணும்.

ஆகவே துண்டு துண்டாக வெட்டவேணும். வெட்டின இடத்தில் உள்ளூர்ச் செடிகளை உடனே நடவேணும். வரம்பை அங்கங்கே உடைச்சு மேடும் பள்ளமும் ஆக்கவேணும். பிறகு வருசா வருசம் போய் முளைகளைப் பிடுங்கவேணும். திறப்புவிழாவுக்குக் காசு தேடுற நாங்கள், மூன்றாம் வருசக் களைபிடுங்கலுக்கும் இப்பவே ஒதுக்கவேணும்.

ஏனெண்டால், மழைவெள்ளத்தைத் தாங்கி நகரத்தைக் காப்பாற்றுவது இந்தச் சதுப்புகள்தான். "வெறும் பற்றைக்காடு தானே" எண்டு சொல்லி மண் நிரப்பிக் கட்டடம் கட்டுவது சுலபம். வெள்ளம் வந்தால் முதலில் நனைவது கால்வாய்க் கரை வீடுகள்.

களை ஒருக்காப் பிடுங்கினால் முடிஞ்சுது எண்டு எந்த விவசாயியும் நினைக்கிறதில்லை. அடுத்த சிரமதான அழைப்பு வந்தால் நாங்களும் ஒரு கேள்வி கேப்பம்: வாற வருசம் ஆர் வரப்போறது?