குகைக்கு யார் ஹவுஸ் ஓனர்?

வாடகை வீட்டில் குடியிருந்த எல்லோருக்கும் அந்தப் பட்டியல் மனப்பாடம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. சொந்தக்காரர்கள் வந்தால் இரண்டு நாளுக்கு மேல் தங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, அட்வான்சையும் கொடுத்துவிட்டு, சாவியை வாங்கிக்கொள்வோம்.

இந்த மாதிரிப் பட்டியலுக்கு வயது 2000 என்றால் நம்புவீர்களா? சவுதி அரேபியாவின் பாலைவனத்தில் ஹெக்ரா என்று ஒரு பழைய ஊர் இருக்கிறது. மதாயின் சாலிஹ் என்றும் சொல்வார்கள். நபதேயர்கள் என்ற மக்கள் அங்கே மணற்பாறைகளைக் குடைந்து கல்லறைகள் செய்தார்கள். பல கல்லறைகளின் வாசலுக்கு மேல் எழுத்து வெட்டியிருக்கிறது. இது இன்னாருடையது, இன்னாருடைய வாரிசுகளுக்குச் சேர வேண்டியது, விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, மீறினால் தெய்வத்துக்கும் ராஜாவுக்கும் அபராதம் கட்ட வேண்டும் என்று! சில கல்லறைகளுக்குப் பெண்களே சொந்தக்காரர்கள். செத்தவர்களுக்கான இடத்துக்கே இவ்வளவு கறாராகப் பத்திரம் எழுதிய ஜனங்கள்.

இதே நபதேயர்களின் தலைநகரம்தான் ஜோர்டானில் இருக்கும் பெட்ரா. 1989-ல் வந்த இண்டியானா ஜோன்ஸ் படத்தில் ஒரு மலை இடுக்கு வழியாகக் குதிரையில் போய், பாறையில் செதுக்கிய பிரம்மாண்டமான முகப்புக்கு முன்னால் நிற்பார்களே, அந்த இடம். 1812-ல் பர்க்ஹார்ட் என்ற சுவிஸ்காரர் பெட்ராவைக் 'கண்டுபிடித்தார்' என்று புத்தகங்கள் சொல்கின்றன. அவரைக் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூட்டிக்கொண்டு போனது ஒரு உள்ளூர் ஆள். அந்த ஆளுக்கு அது எப்போது தொலைந்து போயிருந்தது?

பெட்ராவின் குகைகளில் பிதூல் என்ற பெதுயின் இனத்தவர் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தார்கள். ஆடு மேய்த்தார்கள், கொஞ்சம் விவசாயம் பார்த்தார்கள், வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார்கள். 1978-ல் சுற்றிப் பார்க்க வந்த மார்கெரிட் வான் ஹெல்டர்மால்சன் என்ற நியூசிலாந்துப் பெண், அவர்களில் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு குகையிலேயே குடித்தனம் நடத்தினார். 2006-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார்.

1985-ல் பெட்ரா யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதே சமயத்தில் அரசாங்கம் பிதூல் மக்களைக் குகைகளிலிருந்து கிளப்பி, பக்கத்து மேட்டில் உம் சைஹூன் என்ற புது ஊரைக் கட்டிக் குடியேற்றியது. சிமெண்ட் வீடு, கரண்ட், குழாய்த் தண்ணீர், பள்ளிக்கூடம் எல்லாம் கிடைத்தது.

இதில் என்ன தப்பு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அடுப்புப் புகை பழைய சுவர்களைக் கறுக்க வைக்கும் என்பது உண்மை. குகை வாழ்க்கை ரொம்ப அழகு என்று, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு நான் சொன்னால் அது திமிர். குளிரில் பிள்ளை பெற்றவர்களிடம் கேட்டால் கரண்டும் ஆஸ்பத்திரியும் வேண்டும் என்றுதான் சொல்வார்கள்.

என் கோபம் வேறு இடத்தில். 2005-ல் அதே யுனெஸ்கோ, பெட்ராவிலும் வாடி ரம்மிலும் வாழும் பெதுயின்களின் வாழ்க்கை முறையை மனிதகுலத்தின் அரிய பாரம்பரியம் என்று அறிவித்தது. குகையில் எப்படி வாழ்வது, ஆட்டை எப்படி மேய்ப்பது, மலையில் எப்படி வழி கண்டுபிடிப்பது என்ற அறிவுக்கெல்லாம் மரியாதை. முதலில் ஆளைக் கிளப்பியாயிற்று, 20 வருடம் கழித்து அவர் வாழ்ந்த விதத்துக்கு விருது! வீட்டைக் காலி செய்ய வைத்துவிட்டு, 'நீங்க இருந்தப்ப வீடு எவ்வளவு அழகா இருந்துச்சு' என்று போட்டோவை ஃபிரேம் போட்டு மாட்டும் ஹவுஸ் ஓனரைப் பார்த்திருக்கிறீர்களா?

இன்னொன்றும் இருக்கிறது. பெட்ராவின் நுழைவாயில் பக்கம் ஒரு ஓட்டலில் மது விற்கும் கூடம் இருக்கிறது. அது இருப்பது ஒரு நபதேயக் கல்லறைக்குள்! பாறைக்குள் குடும்பம் இருந்தால் அது சேதம், பாட்டில் இருந்தால் அது சுற்றுலா. இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை.

இப்போது பணக் கணக்குக்கு வருவோம். ஜோர்டானில் ஒரு இரவாவது தங்கும் வெளிநாட்டுக்காரர் ஒரு நாள் பெட்ராவைப் பார்க்க 50 தினார் கட்ட வேண்டும். தங்காமல் ஓடிப்போகிறவருக்கு 90 தினார். 2019-ல் மட்டும் வந்தவர்கள் 10 லட்சத்துக்கு மேல். என்னைக் கேட்டால் இந்த டிக்கெட்டும் ஒரு வாடகைதான். ஒரு நாள் குடியிருக்க நாம் கொடுக்கும் வாடகை. அப்படியானால் அதை வாங்கிக்கொள்ளும் உரிமை யாருக்கு?

அரசாங்கத்துக்கு என்பது ஒரு பதில். பராமரிப்புக்குப் பணம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உம் சைஹூனில் குடும்பங்கள் பெருகின, ஊரின் எல்லை பெருகவில்லை. சுற்றிலும் பாதுகாக்கப்பட்ட நிலம். மகனுக்குக் கல்யாணம் என்றால் மாடிக்கு மேல் மாடி கட்ட வேண்டும். பிழைப்போ கழுதை, ஒட்டகம், பாசிமணிக் கடை என்று முழுக்க முழுக்கச் சுற்றுலாவை நம்பி. 2020-ல் கொரோனா வந்ததும், 2023 அக்டோபரில் காசாவில் போர் தொடங்கியதும் வருகிறவர் கூட்டம் சரிந்தது. பக்கத்தில் இருக்கும் வாடி மூசாவில் பல ஓட்டல்கள் மூடப்பட்டன. குழந்தைகளிடம் எதுவும் வாங்காதீர்கள், அவர்கள் பள்ளிக்குப் போகட்டும் என்று பயணிகளிடம் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் அப்பாவின் கழுதைக்கு ஒரு வாரமாகச் சவாரி இல்லை என்றால், அந்தப் பிள்ளை போஸ்ட்கார்டு கட்டை எடுத்துக்கொண்டு வெயிலில் நிற்காமல் என்ன செய்யும்?

எல்லோரையும் மறுபடி குகைக்குள் விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டே இரண்டு விஷயம். டிக்கெட் பணத்தில் இத்தனை பங்கு இந்த ஊருக்கு என்று சட்டத்தில் எழுதி வையுங்கள், நல்ல வருடத்திலும் கெட்ட வருடத்திலும் அது போய்ச் சேரட்டும். அடுத்த தலைமுறை வீடு கட்ட, அவர்கள் பெயரிலேயே பத்திரத்தோடு நிலம் கொடுங்கள். பழைய கல்லைக் காப்பாற்றப் பக்கத்து வீட்டுக்காரரைவிட நல்ல காவல்காரர் கிடையாது. ஆனால் நாளைக்குத் தன்னையும் கிளப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர் எதைக் காவல் காப்பார்? வாடகை வீட்டுச் சுவரில் விரிசல் விட்டால் நாம் எத்தனை பேர் நம் செலவில் பூசியிருக்கிறோம்?

ஹெக்ராவில் செத்துப்போனவர்களுக்குக் கல்லில் பத்திரம் வெட்டி வைத்து 2000 வருடம் ஆகிறது, இன்றைக்கும் படிக்க முடிகிறது. உம் சைஹூனில் உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு பேப்பரில் எழுதிக் கொடுத்தால்கூடப் போதும்.