பெட்டி வரும்; மலை காத்திருக்குமா?

கோவை பீளமேடு விமான நிலையம். பெட்டிகளைச் சுமந்து வரும் ரப்பர் பட்டை சுற்றிச் சுற்றி வருகிறது. அவரவர் பெட்டியை இழுத்துக்கொண்டு எல்லோரும் நடையைக் கட்டுகிறார்கள். கடைசியில் பட்டையும் நின்றுவிடுகிறது. ஒருவர் மட்டும் கையைப் பிசைந்தபடி நிற்கிறார். அவருடைய பெட்டி வரவில்லை!

"பதறாதீங்க சார், அடுத்த விமானத்துல வந்துரும்" என்கிறார் கவுண்ட்டர் ஊழியர்.

"ஏனுங்க, இன்னைக்கு ராத்திரி வெள்ளியங்கிரி மலை ஏறோணுமுங்க. பூட்ஸ், கம்பளி, டார்ச், மாத்திரை எல்லாம் அதுக்குள்ளதானுங்க இருக்குது!"

இது எந்த ஊர் விமான நிலையத்திலும், எந்த நாளிலும் நடக்கக்கூடிய காட்சிதான். 2024-ம் ஆண்டில் உலகம் முழுவதும் ஆயிரம் பயணிகளுக்கு 6 பெட்டிகளுக்கு மேல் வழிதவறியதாகக் கணக்கு. ஒரு விமானத்தில் இருந்து இறக்கி இன்னொரு விமானத்தில் ஏற்றும்போதுதான் அதிகம் தவறுகிறது. மும்பையிலும் டெல்லியிலும் விமானம் மாறித்தான் நம்மவர்கள் பலர் கோவை வந்து சேருகிறார்கள். நேரமாகிவிட்டால் ஆள் ஓடிப்போய் ஏறிக்கொள்வார். பெட்டி ஓடுமா?

லீவை யார் தருவது?

கல்யாணத்துக்கு வந்தவர் என்றால் ஒப்பணக்கார வீதிக்குப் போய் ஒரு பட்டு வேட்டி வாங்கிக்கொள்ளலாம். மலைக்கு வந்தவர் பாடு அப்படி அல்ல. வெள்ளியங்கிரி ஏற பிப்ரவரி முதல் மே வரைதான் வனத்துறை அனுமதி. ஏழு மலை ஏற வேண்டும். உச்சியில் குளிர் வாட்டி எடுக்கும். 2024-ம் ஆண்டு சீசனில் மலை ஏறிய பக்தர்கள் சிலர் மூச்சுத் திணறியும், நெஞ்சு வலி வந்தும் இறந்துபோனார்கள். மாத்திரையைப் பெட்டியில் பறிகொடுத்துவிட்டு, "வந்தது வந்தாச்சு, ஏறிடலாம்" என்று கிளம்புவது விளையாட்டு அல்ல. ஏறாமல் இருந்தால் லீவு போச்சு. பெட்டி மூன்றாம் நாள் வரும். நாலாம் நாள் ஊருக்குத் திரும்ப வேண்டும்!

சட்டம் என்ன சொல்கிறது?

வெளிநாட்டுப் பயணத்துக்கு 1999-ம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கை இருக்கிறது. இந்தியா 2009-ல் அதில் சேர்ந்தது. 21 நாளாகியும் பெட்டி வராவிட்டால் தொலைந்ததாக வைத்துக்கொண்டு நஷ்டஈடு கேட்கலாம். தாமதமாக வந்தால், கைக்குக் கிடைத்த நாளில் இருந்து 21 நாளுக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். உடைந்து வந்தால் 7 நாள்தான். உள்நாட்டுப் பயணத்துக்கு 2019-ல் வெளியான பயணிகள் சாசனப்படி உச்சவரம்பு 20 ஆயிரம் ரூபாய்.

பணத்துக்குக் கணக்கு இருக்கிறது. போன தேதிக்கு என்ன கணக்கு? 21 நாள் என்பது ஆபீசுக்குச் சரி. நாலு நாள் லீவில் வந்தவருக்கு அது ஏட்டுச் சுரைக்காய்!

சபரிமலைக்கு விமானத்தில் போகும் பக்தர்கள், இருமுடியில் உள்ள தேங்காயைக் கையோடு கொண்டுபோக 2024-ம் ஆண்டு சீசனில் மத்திய அரசு அனுமதி தந்தது. 2025-ம் ஆண்டு சீசனிலும் தந்தது. நல்ல முடிவு. ஆனால் மலைக்கு வேண்டிய அத்தனையையும் கையோடு தூக்க முடியுமா? பெரும்பாலான விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான். சின்னக் கத்தி இருந்தால்கூட உள்ளே விடமாட்டார்கள்.

அதட்டினால் வருகிறதே!

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. விமான நிலையங்களில் பெட்டிகள் மலையாகக் குவிந்தன. டிசம்பர் 6-ந் தேதி மத்திய அரசு கெடு விதித்தது. பயணியைப் பிரிந்த பெட்டியை 48 மணி நேரத்துக்குள் தேடிப் பிடித்து, அவர் வீட்டிலேயே ஒப்படைக்க வேண்டும் என்றது. அதன்பிறகு ஆயிரக்கணக்கான பெட்டிகள் சொந்தக்காரர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன.

ஊரே கூச்சல் போட்டபோது 48 மணி நேரக் கெடு வந்தது. ஒற்றை ஆள் ஓரமாக நின்றால் "அடுத்த விமானம்" என்ற பதில்தான். இது என்ன நியாயம்?

"ஆயிரக்கணக்கான பெட்டிகளில் ஒன்றிரண்டு தவறத்தான் செய்யும்" என்பார்கள் கம்பெனிக்காரர்கள். தவறட்டும். காந்திபுரம் லாரி ஆபீசில் ஒரு மூட்டை வராவிட்டால் "எங்கே நிக்குது, எப்ப வரும்?" என்று வியாபாரி கேட்பார். பதில் சொல்லியாக வேண்டும். விமானத்துக்கு மட்டும் விதிவிலக்கா?

அந்த 48 மணி நேரக் கெடு எல்லா நாளைக்கும், எல்லாக் கம்பெனிக்கும் சட்டமாக வேண்டும். அதுவரை ஆகும் அவசரச் செலவை, பயணி கெஞ்சாமலே, கவுண்ட்டரிலேயே கம்பெனி தர வேண்டும். என்ன உரிமை, எத்தனை நாள் கெடு என்பதைப் பட்டை சுற்றும் இடத்தில் கொட்டை எழுத்துத் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

பயணிகளுக்கு...

மாத்திரை, பணம், ஒரு மாற்றுத்துணி கைப்பையில் இருக்கட்டும். பூட்ஸ் காலில் இருக்கட்டும். பெட்டி வராவிட்டால், எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். பெட்டிச் சீட்டின் துண்டைத் தூக்கி எறியாதீர்கள். வாங்கிய சட்டை, செருப்புக்கெல்லாம் பில் வைத்திருங்கள். கம்பெனி கைவிரித்தால், 2 ஆண்டுக்குள் கோவை நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி ஆபீஸ் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கட்டிய டிக்கெட் பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது.

டிக்கெட்டுக்குப் பணம் வாங்கும்போது ஒரு நிமிடம்கூடப் பொறுப்பதில்லை. பெட்டியைத் திருப்பித் தர மட்டும் பயணி பொறுக்க வேண்டுமாம். சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா?