குழந்தைகளுக்கு என்ன புரியும் என்று கேட்கிறவர்களுக்கு

வெளிநாட்டுக்குப் போனால் குழந்தைகளை எங்கே கூட்டிப்போவது என்று நம்மவர்கள் எல்லோருக்கும் ஒரு பட்டியல் மனப்பாடம். லண்டன் என்றால் ராட்சத ராட்டினம், மெழுகு பொம்மை, அரண்மனை வாசலில் காவலர் மாறுவது, கடைசியில் ஒரு பெரிய பொம்மைக் கடை. இதில் எதுவும் தப்பில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு சங்கீதக் கச்சேரியைச் சேர்த்தால் மட்டும், "குழந்தைகளுக்கு என்ன சார் புரியும்? பாவம், எதற்கு வதைக்கிறீர்கள்?" என்று சண்டைக்கு வருகிறார்கள். காலை நடையில் என்னோடு வரும் நண்பர் ஒருவர் இதையே மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நடந்துகொண்டே பதில் சொல்ல மூச்சு போதவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் போனது ப்ராம்ஸ் என்ற இசை விழாவுக்கு. 1895ல் ராபர்ட் நியூமன் என்பவர் ஹென்றி உட்டை நடத்துநராக வைத்துக்கொண்டு ஆரம்பித்தது. பணக்காரர்கள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த சங்கீதத்தைச் சாதாரண ஜனங்களும் கேட்கட்டும் என்பதுதான் நோக்கம். அந்தக் காலத்தில் டிக்கெட் ஒரு ஷில்லிங். நின்றுகொண்டும் உலாவிக்கொண்டும் கேட்கலாம், சாப்பிடலாம், சுருட்டுகூடப் பிடிக்கலாம்! 1941ல் ஜெர்மன் குண்டு விழுந்து குவீன்ஸ் ஹால் அழிந்த பிறகு ஆல்பர்ட் ஹாலுக்கு வந்தார்கள். 1927லிருந்து நடத்துவது பிபிசி. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை எட்டு வாரம், ஏறக்குறைய தினமும் கச்சேரி. நின்று கேட்கும் டிக்கெட் சமீப வருடங்களில் 8 பவுண்டு. மெழுகு பொம்மை பார்க்க இதைவிடப் பல மடங்கு கொடுக்க வேண்டும்.

ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால், சிறுவர்களுக்கென்றே வைக்கும் சில நிகழ்ச்சிகள் தவிர, உள்ளே விடமாட்டார்கள். நியாயமான விதி. என் பேரனுக்கு ஒன்பது, பேத்திக்கு ஏழு.

இங்கே என் நிலைமையையும் சொல்ல வேண்டும். மகன் குடும்பம் டல்லாஸில், மகள் லண்டனில், நாங்கள் சென்னையில். ஆகஸ்டில் எல்லோரும் மகள் வீட்டில் கூடினோம். அந்தப் பேரக்குழந்தைகளோடு எனக்கு வருடத்தில் கிடைப்பது மூன்று வாரம். அவர்களுடைய தமிழ் "சாப்ட்டியா தாத்தா"வோடு நின்றுவிடும். என்னுடைய ஆங்கிலம் அவர்களுக்குச் சிரிப்பு. ராட்டின வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். அவர்கள் கையில் போன், என் கையில் தண்ணீர் பாட்டில். ஒரு வார்த்தை பேசவில்லை. இதைக் "குழந்தைகளுக்கு ஏற்ற இடம்" என்கிறார்கள்.

ஆல்பர்ட் ஹாலில் உச்சியில் ஒரு காலரி உண்டு. நாற்காலி கிடையாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், தரையில் உட்காரலாம், விரிப்புப் போட்டுப் படுத்துக்கொண்டும் கேட்கலாம். நெளிகிற குழந்தைக்கு இதைவிடத் தோதான சபா உலகத்தில் எங்கே இருக்கிறது? முதலில் ஒரு பியானோ உருப்படி. பியானோவின் மூடியைத் தூக்கி நிறுத்தும்போது கீழே நிற்கிறவர்கள் ஒரே குரலில் "ஹீவ்!" என்று கத்த, மேலே காலரிக்காரர்கள் "ஹோ!" என்று பதில் கத்த வேண்டும். அது அங்கே சம்பிரதாயம். பேரன் கத்தியது கீழேவரை கேட்டிருக்கும். பக்கத்தில் படுத்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி சிரித்துவிட்டுத் தன் விரிப்பைக் கொஞ்சம் எங்கள் பக்கம் தள்ளிவிட்டாள்.

பிறகு ட்வோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்ஃபனி. அவர் அமெரிக்காவில் இருந்தபோது எழுதியது, 1893ல் நியூயார்க்கில் முதலில் வாசித்தார்கள். "உங்க ஊர்ல எழுதினது" என்றேன், பேரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இரண்டாவது பகுதியில் இங்கிலிஷ் ஹார்ன் என்ற வாத்தியம் தனியாகப் பாடும். பெயரில்தான் இங்கிலிஷும் ஹார்னும். உண்மையில் அது ஓபோவுக்கு அண்ணன், நம் நாதஸ்வரம் மாதிரி சீவாளி வைத்து ஊதுவது. நம் கல்யாணத்தில் ஊதுவாரே அந்த வாத்தியத்துக்குத் தூரத்து உறவு என்று காதில் சொன்னேன். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஏழு வயதுக்காரிக்கு வேறு கவலை. மகளின் பைனாகுலரில் பார்த்து, "தாத்தா, அந்த மாமா சும்மாவே உட்கார்ந்திருக்கார்" என்றாள். அவர் சிம்பல்காரர், அதாவது பெரிய ஜால்ரா. அந்த முழு சிம்ஃபனியிலும் அவருக்கு ஒரே ஒரு தட்டுதான், அதுவும் கடைசிப் பகுதியில், ஓங்கிக்கூட அடிக்காமல். முக்கால் மணி நேரம் அந்த ஒரு தட்டுக்காக ஒரு குழந்தை கண் இமைக்காமல் காத்திருந்தது. அவர் எழுந்து தட்டியதும் என் கையைக் கிள்ளினாள். புரியவில்லை என்கிறீர்களே, இதற்கு என்ன பெயர்?

நண்பருக்கு இன்னொரு வாதமும் உண்டு: "நம்ம சங்கீதமா இருந்தாலாவது சரி." ஐயா, அந்த ப்ராம்ஸில் 2011ல் அருணா சாய்ராம் பாடியிருக்கிறார். அவர்கள் நம்முடையதைக் கேட்க வருகிறார்கள். நம் குழந்தை அவர்களுடையதைக் கேட்டால் என்ன குடி முழுகிவிடும்?

எதிர்ப்பவர்களைவிட எனக்குக் கோபம் வருவது ஆதரிக்கிற இன்னொரு கூட்டத்தின்மேல். "நல்லது சார், மொஸார்ட் கேட்டா மூளை வளருமாம், கணக்கு நன்னா வருமாம்" என்பவர்கள். 1993ல் வந்த அந்த ஆராய்ச்சி கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தது. பத்து நிமிடம் கேட்டதும் ஒருவகைப் புதிரில் கொஞ்சம் கூடுதல் மார்க், அந்தப் பலனும் கால் மணி நேரத்துக்குள் போய்விட்டது. அதை நம்பி அமெரிக்காவில் ஒரு கவர்னர் 1998ல் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்கக் கிளம்பினார். இந்தக் கூட்டம்தான் கச்சேரி முடிந்து வெளியே வருவதற்குள் "என்ன கத்துண்டே, சொல்லு" என்று பரீட்சை வைக்கிறது. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டு இப்படி யாராவது கேட்பார்களா?

இறங்கிய மறுநாளே தூக்கக் கலக்கத்தோடு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். நாலு மணிக்கே வயிற்றுக்குப் போடுங்கள். இடைவேளையில் போதும் என்று குழந்தை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், 8 பவுண்டுக்குமேல் ஒன்றும் நஷ்டமில்லை.

குழந்தைகளால் உட்கார முடியாது என்று சொல்லும் அதே பெரியவர்களை நான் நாற்பது வருடமாக டிசம்பர் சீசனில் பார்க்கிறேன். மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்துக்குக் கையை வைத்தாரோ இல்லையோ, பாதி சபா கேன்டீனுக்கு எழுந்து போகும். காசியல்வா தீர்ந்துவிடும் என்ற பயம்.

இந்த டிசம்பரில் டல்லாஸ்காரர்கள் வருகிறார்கள். நாலு டிக்கெட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். தனி ஆரம்பித்ததும் எழுந்து போகிறவர்கள் எங்கள் வரிசையில் குழந்தைகளின் காலை மிதிக்காமல் போனால் போதும்.